மைக் செட்

எர்ணாவூர் கல்யாண மண்டபத்தில்
கருத்துக் கேட்புக் கூட்டம். காலை பத்தரை.
முந்தாநாள் வரவேற்பின் தெர்மாகோல் எழுத்துகளில்
மாப்பிள்ளை பெயரை மட்டும் பிய்க்க மறந்திருந்தார்கள்.
அதன் கீழே அதிகாரிகள் உட்கார்ந்தார்கள்.

நாலு ஹாரன், இரண்டு பாக்ஸ், மூன்று மைக்.
வாடகை கம்பெனி கொடுக்கிறது.
போன மாதம் எதிர்ப்புக் கூட்டத்துக்கும் நான்தான் கட்டினேன்.
அந்தப் பாக்கி இன்னும் வரவில்லை.

‘ஹலோ, செக்’ என்றதும்
ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு முனகல்.
வெள்ளத்துக்கு அப்புறம் வந்த முனகல்.
பிரித்து, காயவைத்து,
சர்க்யூட்டில் ஒட்டியிருந்த கருப்பு எண்ணெயைப்
பல் பிரஷ் வைத்துத் தேய்த்துப் பார்த்தாயிற்று.
போகவில்லை.
யாராவது பேசினால் அடங்கிவிடும்.
பேசாமல் நிறுத்தினால் கேட்கும்.

அன்றைக்கு யாரும் நிறுத்தவில்லை.

நூறு வருடத்துக்கு ஒருமுறை வருகிற மழை அது
என்றார் டை கட்டியவர்.
‘எங்க ஊர்ல நூறு வருசம்
எட்டு வருசத்துல வந்துடுது சார்’
என்றது பின்வரிசை.
போன ஆட்சி தூர் வாரவில்லை என்று கன்னியப்பன் எழுந்தார்.
இந்த ஆட்சி வாரினது எங்கே என்று வேட்டியை மடித்துக்கொண்டு
இன்னொருவர் எழுந்தார்.
வானம் பெய்ததற்கு மனுசன் என்ன பண்ணுவான் என்றார்
தேங்காய் மண்டிக்காரர்.
ஒரு கல்லூரிப் பெண், கையில் சுருட்டிய சார்ட்,
கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று சொன்னாள்.
‘ஒரு டிகிரியா? என் பொண்டாட்டிக்கு ஜுரம் வந்தா
ரெண்டு டிகிரி ஏறுது!’
மண்டபமே சிரித்தது.
அவள் ஏதோ பதில் சொன்னாள்.
மைக் அதற்குள் கைமாறிவிட்டது.
என் கண் எதிரேதான் மாறியது.

அஞ்சலாட்சி மைக்கை வாங்கவே இல்லை.
இறால் தடவுகிற கை இரண்டையும் தூக்கிக் காட்டினாள்.
‘மார்கழி மாசத்துல கூட ஆத்துல கைய உட்டா சுடுது.
இத எந்தக் கட்சி சுட வைக்கிது?’

அடுத்து தேசப்பன். என் தங்கச்சி புருஷன்.
பதினொரு வருடமாக காண்ட்ராக்ட்.
‘தண்ணி வருசத்துக்கு நாலு நாளு.
பசி மிச்ச நாளெல்லாம்.
கம்பெனி வரட்டும்.’
யாரும் கைதட்டவில்லை. யாரும் திட்டவுமில்லை.
அந்த நாலு நாளில் ஒரு நாள்
மீன் பெட்டித் தெர்மாகோலைக் கட்டி மிதவையாக்கி
என் பாக்ஸ்களை இழுத்துக்கொண்டு வந்தவன் அவன்.
நான் வால்யூமைத் திருகுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பிறகு உயரத்துக்குச் சண்டை.
அறிக்கையில் இரண்டடி. இடுப்பு என்றார் ஒருவர். கழுத்து என்றாள் ஒருத்தி.
சுவரைப் பார்த்தார்கள்.
போன வாரம்தான் டிஸ்டெம்பர் அடித்திருந்தது.
‘இந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்
யாராவது சொல்லுங்கள்’ என்றார் அதிகாரி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
மூன்றாவது மைக் என் கையில்தான் இருந்தது.
கடையில் மூன்று தட்டு.
கீழே ஒயர், நடுவில் பேட்டரி, மேலே ஆம்ப்ளிஃபயர்.
மேல்தட்டு என் தாடை உயரம்.
அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

‘நான் டோக்கன் வாங்கல சார்’ என்றேன்.

சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும்
நாலு ஹாரனிலும் அது முனகியது.
‘உன் செட்டை மாத்துப்பா’ என்றார் கன்னியப்பன்.

சாயங்காலம் பங்குனியில் பெய்யக்கூடாத தூறல்.
ஒயரைச் சுருட்டி, பில் எழுதி, கடைக்கு வந்தேன்.
தேசப்பன் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான்.
டிரில்லை எடுத்தேன்.
என்ன ஏது என்று கேட்காமல் பலகையைப் பிடித்தான்.
தலைக்கு மேலே வைத்து, பென்சிலால் கோடு போட்டேன்.
அவன் கோட்டைப் பார்த்தான்.
வாசலில் சொட்டுவதைப் பார்த்தான்.

‘இன்னும் ஒரு சாண் ஏத்து மச்சான்’ என்றான்.