ஏழு புள்ளி

சீட்டுக் காசு எண்பத்தையாயிரம்.
இரவே கொப்பி ஒற்றையில் பிரித்து எழுதினேன்.
பெட்டிக்கு முப்பத்தெட்டு, திரைக்கு முப்பத்தைந்து,
யூபிஎஸ்ஸுக்கு ஒன்பது
(மழை இருட்டினாலே புதுக்குடியிருப்பில் கரண்ட் போய்விடும்).
மிச்சம் பஸ்ஸுக்கும் பிளேன்ரீக்கும்.

"பெட்டிதானே கொம்பியூட்டர்.
மற்றது ரீவி மாதிரித்தானே, அதுக்கேன் இவ்வளவு?"
என்றார் இவர்.
ஸ்காபறோவிலிருந்து அழைப்பு வந்த இரவு
இவர் நல்ல நித்திரை.

பலகாரக் கடைக்கு நான் செய்த இணையத்தளத்தை
மரியறோசா அக்கா அன்றுதான் திறந்து பார்த்திருக்கிறா.
"பிள்ளை, ஏன் என்ர கடைக்கு
ஆமிப் பச்சை அடிச்சு வைச்சிருக்கிறாய்?"

என் பழைய மடிக்கணினியில் அது வாழைக்குருத்து.
பிணைச்சல் உடைந்து, செங்கல்லில் சாய்ந்து நிற்கிற திரையில்
மூன்று கிழமை பார்த்துப் பார்த்துத் தேர்ந்த நிறம்.
அவவின் போனில் அது
எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்த
வேறொரு பச்சை.

விடிய முதல் பஸ்.
கைப்பையில் காசு,
ஈரத் துணியில் சுற்றிய குருத்து ஒரு துண்டு.
பரந்தன் வரமுதலே விளிம்பு கறுத்துவிட்டது.

கரடிப்போக்குச் சந்தியில் டெனிஸ்ரனின் கடை.
முதலில் வளைந்த திரையொன்றைக் காட்டினான்,
பின்னால் சிவப்பு வெளிச்சம் ஓடுகிறது,
"கேம் அடிக்கச் சோக்கா இருக்கும் அக்கா."
நான் கேம் அடிக்கிறதில்லை.
அடுத்தது இருபத்தேழு அங்குலம், மலிவு.
நேரே நின்றால் நிறம்,
கொஞ்சம் குனிந்தால்
எல்லா முகமும் புகைப்படச் சுருள்போலக் கவிழ்கிறது.
குனியாமல் வேலை செய்ய என்னால் ஏலாது.

குருத்தை எடுத்தேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.
"பொறுங்கோ, உந்த ரியூப் லைற் நீலம் காட்டும்"
என்று அணைத்துவிட்டு
வாசல் சட்டரை இன்னும் உயர்த்தினான்.
வெயில் வந்து மேசையில் விழுந்தது.
திரை திரையாய் அதே ஆறெழுத்துக் குறியீட்டைத் திறக்க,
நான் இலையைப் பிடித்தபடி நின்றேன்.
ஒன்றில் பாசி. ஒன்றில் பிளாஸ்ரிக் வாளி.
ஐந்தாவது, இருபத்துநாலு அங்குலம்,
அழகில்லாத கறுப்புக் கால்.
"நடுவைப் பாருங்கோ, விளிம்பைப் பாராதேங்கோ" என்றான்.
நடு, நடுவோடு பொருந்தியது.
விலை நாற்பத்தொன்று.

ஆகவே பெட்டியில் குறைத்தோம்.
இரண்டாம் கை, பாவித்தது, எட்டு றாம்.
உள்ளே புது டிஸ்க் போட்டுத் தந்தான்.
பக்கவாட்டில் பாதி கிழிந்த ஸ்ரிக்கர்:
சொத்து இலக்கம் 0417,
கீழே அந்த லோன் கொம்பனியின் சின்னம்.
செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் ஒழுங்கைக்கு
மோட்டார் சைக்கிளில் வந்து நின்ற அதே சின்னம்.

"எல்லாம் அழிச்சாச்சோ?"
"பழைய டிஸ்க்கே இல்லை அக்கா. சுத்தம்."

கீபோர்டைச் சும்மா தந்தான்.
எழுத்துகள் புதிதுபோல் இருந்தன.
வலப்பக்கத்து இலக்கங்கள் மட்டும்
தேய்ந்து வழுவழுத்துப்போய்,
ஏழு எது ஒன்று எதென்று
விரல்தான் சொல்லவேண்டும்.

திரைப் பெட்டி என் மடியில்.
கொண்டக்டர் அதற்கும் ஒரு ரிக்கற் கிழித்தார்.
தருமபுரம் தாண்டித்தான் நினைவு வந்தது,
குருத்தை கடை மேசையிலேயே விட்டுவிட்டேன்.

இரவு முதல் வேலையாய்
முழுத் திரைக்கும் வெள்ளையைத் திறந்தேன்.
இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி
எரியவில்லை.
விரலால் துடைத்தேன். தூசி இல்லை.

டெனிஸ்ரன் போனில் தயங்கினான்.
"கொம்பனிச் சட்டம் அக்கா,
ஏழு செத்தால்தான் கணக்கெடுப்பினம்.
ஒண்டு ரெண்டுக்கு ஒண்டும் செய்யமாட்டினம்."

இவர் சோற்றுக் கோப்பையோடு வந்து நின்று
எங்கே எங்கே என்று தேடினார், காணவில்லை.
"வடிவாத்தானே கிடக்கு" என்றார்.

மரியறோசா அக்காவின் பச்சையைத் திறந்தேன்.
ஆறெழுத்தில் இரண்டை மாற்றினேன்.
மூலையில் அது இருக்கிறது.
எனக்கு இடம் தெரியும்.