ஆறு மில்லிமீட்டர்

"சாஸ் ரோக்கியே" என்றது எந்திரம்.
ரயில் ரோக்கோ பார்த்திருக்கிறேன், குர்லாவில்,
முன்பதிவுக் கவுண்டரைப் பூட்டிக்கொண்டு உள்ளிருந்து.
மூச்சு ரோக்கோ இதுதான் முதல்.
வளையம் சுற்றியது. விட்டது.
எழுந்து ரவிக்கைக் கொக்கியைத் தேடினேன்.

வலது மேல்மடலில் ஒரு முடிச்சு.
"ஜவ்வரிசி அளவு. ஊறாத ஜவ்வரிசி" என்றார்
டாக்டர் கார்க்கர். அன்று சங்கஷ்டி, அவருக்கு விரதம்.
ஊறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.
கேட்கவில்லை.

"பழைய படம் இருக்கிறதா?
அன்றும் இதே அளவென்றால் பயமில்லை."

இருந்தது. விலா முறிந்த வருடத்து சிடி ஃபிலிம்,
செம்பூர் வீட்டுப் பரணில், பாத்திர மூட்டைக்கடியில்.
கொண்டுபோய் ஜன்னலில் தூக்கிப் பிடித்தோம்.
வரிசை வரிசையாக என் நெஞ்சின் சீவல்கள்,
நடுவே கத்தரியால் வெட்டிய இரண்டு சதுரம்.
அதன் வழியே சயான் மேம்பாலம் தெரிந்தது,
பாலத்தில் நின்றுவிட்ட ஒரு பஸ்.

முகிலன் ஏழாவது படிக்கையில்
கிரகணம் பார்க்க வெட்டியது. ஒன்று அவனுக்கு,
ஒன்று பக்கத்து வீட்டு ஃபர்ஹீனுக்கு.
மொட்டை மாடியில் நானும் வாங்கிப் பார்த்தேனே:
என் நுரையீரலுக்குள் சூரியன்,
ஓரத்தில் ஒரு கடி.
கடியை மட்டும் பார்த்தேன்.

"மூன்று மாதம் கழித்து எடுப்போம்."
கன்ஃபர்ம் ஆகுமா என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கெஞ்சுபவர்களிடம்
இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன்:
சார்ட் போட்டால்தான் தெரியும்.
சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

இரவு புனேயிலிருந்து முகிலன்:
"என்னம்மா சொன்னாங்க?"
காலைக் கிச்சடிக்கு ஜவ்வரிசி ஊறிக்கொண்டிருந்தது.
மூடியைத் திறக்காமல் சொன்னேன்:
"ரொம்ப நேராத்தான் வெட்டியிருக்கே, நீ."