இருபது கிராம்

வாங்கினவ மலபேயில் இருக்கிறா.
பெயர் சந்தமாலி. படத்தில் ஒரு நாய்க்குட்டியோடு சிரிக்கிறா.
அவவின் குசினித் தராசில்
என் நெத்தலிக் கருவாடு நானூற்றியெண்பது கிராம்.
பையில் நான் எழுதியது ஐந்நூறு.

முதலில் ஒரு படம் வந்தது.
பிறகு மூன்று கேள்விக்குறி.
நான் பதில் போடவில்லை. கரைவலை வந்திருந்த நேரம்,
கையெல்லாம் உப்பு.
மூன்றாம் கிழமை
அரச இலச்சினை போட்ட நீள உறை வந்தது.

ஒரு பக்கம் சிங்களம். பின்பக்கம் தமிழ்.
தமிழும் எனக்கு விளங்கவில்லை.
தேறிய நிறை என்றால் என்ன?
கொம்யூனிகேசன் ரெஜிக்குமார் சொன்னான்,
"பையைக் கழிச்சு மிஞ்சிறது அக்கா."

திங்கட்கிழமை கச்சேரிக்குப் போனேன்,
தராசைப் பழைய சாரத்தில் சுற்றிக்கொண்டு.
அலுவலர் அதைக் குப்புறக் கவிழ்த்து முத்திரை தேடினார்.
இந்த வருசத்தது இல்லை.
போன வருசத்ததும் இல்லை.
முத்திரை என்று ஒன்று இருப்பதே
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு பையைத் திருப்பினார்.
பொதி செய்த திகதி எங்கே?
முடிவுத் திகதி?
அதிகூடிய சில்லறை விலை, உங்கட விலாசம்?
"போனில விற்கிறதுக்கும் வேணுமா ஐயா,
எனக்குக் கடை இல்லையே, ஒரு பலகைகூட இல்லை."
"கடை உங்கட கையில இருக்கு" என்றார்
என் போனைக் காட்டி.
நல்ல மனிசன். கடைசிவரை குரல் உயரவில்லை.

நான் சொன்னேன்:
கட்டும்போது ஐந்நூறு, அந்தோனியார் சாட்சி.
அன்றைக்குச் சோழகம்.
கருவாடு கட்டின பிறகும் காயும் ஐயா,
பொலித்தீனுக்குள் இருந்தும் தன் தண்ணியை
எப்படியோ வெளியில் விடும்.
மாங்குளம் தாண்ட நாலு கிராம் போயிருக்கும்,
தம்புள்ள வெயிலில் மிச்சம்.
நான் களவெடுக்கவில்லை.

"களவென்று ஒருத்தரும் எழுதேல்லை அம்மா.
குறைஞ்சது என்றுதான் எழுதியிருக்கு.
வாங்கிறவவின்ர கையில ஐந்நூறு இருக்கவேணும்.
காத்து, வெயில் எல்லாம் உங்கட பொறுப்பு.
பதினாலு நாளுக்குள்ள பதில் தாங்கோ."

பதினாலு நாள்.
ஓட்டோவில் அந்தச் சொல்லையே
மென்றுகொண்டு வந்தேன்.

அலுமாரியில் இன்னொரு கோப்பு இருக்கு.
அதில் குறைந்தது
ஐந்தடி எட்டங்குலம், இடது புருவத்தில் ஒரு தழும்பு.
அதற்கும் படிவம் நிரப்பினேன், நாலு முறை.
நாலு முறையும் பெற்றுக்கொண்டோம் என்று குத்தித் தந்தார்கள்.
அந்த முத்திரைகளில் வருசம் தெளிவாக இருக்கு.
எத்தனை நாளுக்குள் பதில் என்றுதான்
ஒன்றிலும் இல்லை.

சந்தமாலி கொடுத்து வைத்தவ.
தட்டில் குறைந்தது என்று சொன்னா,
ஒருத்தரும் அவவிடம் சாட்சி கேட்கவில்லை,
மலபேயில் இருந்து கள்ளப்பாடு வரைக்கும்
அந்த இருபது கிராமைத் தேடி ஒரு கடிதம் வந்திருக்கு.
எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன்.
வந்ததற்குப் பெயர் தெரியவில்லை.
எழும்பிப் போய் நெத்தலியைப் புரட்டிப் போட்டேன்.

அன்றிரவே பதில் எழுதினேன்.
ஐம்பத்தாறு ரூபா திருப்பி அனுப்பினேன்,
அதை அனுப்ப வங்கி இருபத்தைந்து ரூபா எடுத்தது.

இப்போது ஐந்நூற்றி முப்பது கட்டி
ஐந்நூறு என்று எழுதுகிறேன்.
தராசின் அடியில் இந்த வருசத்து முத்திரை.
சந்தமாலி போன மாதம் ஒரு கிலோ கேட்டிருந்தா,
மூன்று இதயம் போட்டு.

சுட்டுத்துண்டு மூன்று மொழியில் அடித்து வந்துவிட்டது.
விலாசக் கட்டத்தில்
கொன்சலா வியாகுலம், கள்ளப்பாடு, முல்லைத்தீவு.
சட்டம் கேட்ட அளவு சின்ன எழுத்துத்தான்.
அந்த ஒரு வரியை மட்டும்
கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னேன்,
எங்கிருந்தாவது ஒருவர்
பையைத் திருப்பிப் பார்த்தால்
தெரியட்டும், நான் வீடு மாறவில்லை.