திருகாணி

அரைக் கிராம்கூட இல்லை.
கடைசியாக வந்த அடைக்கி சங்கிலியைக் கழற்றும்போது
காதிலிருந்து நழுவியிருக்க வேண்டும்.
நாற்காலிக்கடியில் கிடந்தது.
காரைக்குடி, செக்காலைச் சாலை, நகைக்கடன் அலுவலகம்,
ஷட்டர் பாதி இறங்கிய நேரம்.

நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று
செபமாலைச் சிமிழுக்குள் போட்டேன்.
நாளை வந்தது. போன் செய்யவில்லை.
அவளும் கேட்டு வரவில்லை என்பதை
ஓர் அனுமதிச் சீட்டைப்போல மடித்து வைத்துக்கொண்டேன்.
இரவில் மணிகளோடு மணியாக
அதுவும் விரலில் உருண்டது.
அருள் நிறைந்த மரியே என்று சொல்லி
அதைத் தாண்டி அடுத்த மணிக்குப் போனேன்.
போக முடிந்தது.
அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் பகலவனிடம் சொன்னேன்.
காசாளர். ஆயுத பூஜைக்குப் பொரியை மட்டும் தின்று
பொட்டு வைக்க நெற்றி தராதவன்.
பாதுகாப்பறைக்கு இரண்டு சாவி,
ஒன்று அவனிடம், ஒன்று என்னிடம்.
ஏன் என்று கேட்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்தான்.
"புதுவயல்தானே? இப்பவே போயிருவோம்."

கண்டனூர் தாண்டும்போது காற்றை மீறிக் கத்தினேன்:
மேலே யாரும் பார்க்கலைங்கிற,
பிறகு உனக்கென்ன அவசரம்?
திரும்பாமல் சொன்னான்:
"அவங்க காதுல தோடு நிக்காதுல்ல."

நம்பிக்கை போனால் நேர்மையும் போய்விடும் என்று
ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளிடம் சொன்னவள் நான்.
ஸ்கூட்டரின் பின்சீட்டில் என்னோடு உட்கார
அந்த வாக்கியம் வெட்கப்பட்டது.

என் மேசையில் ஓர் உரைகல் இருக்கிறது.
தன்னை நம்புகிறாயா என்று அது தங்கத்தைக் கேட்பதில்லை.
கோடு விழுகிறதா, அவ்வளவே.
பகலவன் நெஞ்சில் எழுதியிருப்பது
யார் கையெழுத்தென்று எனக்குத் தெரியும் என்பேன் நான்.
கையெழுத்தே இல்லை, வெறும் நெஞ்சு என்பான் அவன்.
எழுதியவர், பெயரைச் சொல்லவில்லையே என்று
கோபித்துக்கொள்பவராகத் தெரியவில்லை.

என்னையும் அவர் கைபிடித்துத் தடுக்கவில்லை.
மூன்று இரவும் சிமிழுக்குள், சிலுவையில்,
ஒரு சொல் இல்லாமல், அந்தத் திருகாணியோடு கிடந்தார்.
இரண்டு சாவி செய்து
ஒன்றை என்னிடம் தந்துவிட்டுத்
திருப்பிக் கேட்காதவர்.
நான் திருப்பாமல் அவர் சாவியும் திரும்புவதில்லை.
இதற்கு அன்பு என்று பெயர் என்கிறது வேதம்.
அந்த மூன்று நாளும் எனக்கு
அது கைவிட்டதைப் போலத்தான் இருந்தது.

கதவைத் திறந்த அடைக்கியின் காதுத் துளையில் ஈர்க்குச்சி.
"சாக்கடையெல்லாம் கிளறிட்டேன்.
வீட்டைக் கூட்டுனவ எடுத்திருப்பான்னு
மருமகளைக் கேக்காத கேள்வியெல்லாம் கேட்டுட்டேன்."
மன்னிச்சிருங்க என்றேன்.
"எங்கிட்ட எதுக்கு? அன்னமயிலுகிட்டக் கேளு.
மில்லுல இருக்கா, ராத்திரி ஷிப்ட்."

நல்லது செய்யப் பகலவனுக்கு நம்பிக்கை தேவைப்படவில்லை.
விழுந்தபின் எழுந்து நிற்க
எனக்குத்தான் ஒருவர் வேண்டும்.
சனிக்கிழமை ஒப்புரவுக்குப் போவேன்,
சாமியார் கையை உயர்த்துவார், நானும் நம்புவேன்.
ஆனால் காணிக்கையைப் பீடத்தடியில் விட்டுவிட்டு
முதலில் அவளிடம் போ என்று சொன்னவரும் அவர்தானே.

அரிசி ஆலை வாசல். அவித்த நெல்லின் வாடை.
விளக்கைச் சுற்றித் தவிட்டுத் தூசி.
பகலவன் வண்டியை அணைத்தான்.
"நானும் வரவா?"
வேண்டாம் என்றேன்.
உள்ளே யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
முகத்தில் துணி கட்டிய ஒருத்தி
கையிலிருந்த உமியைத் தட்டிக்கொண்டே
யாருங்க என்று வந்தாள்.