ஒட்டிக்கொண்ட பக்கங்கள்

ஜீப்பை விட்டு நாங்கள் இறங்கியதும்
கொள்முதல் நிலையத்தில் பேச்சு நிற்கும்.
தூற்றும் இயந்திரம்கூடக்
கொஞ்சம் தணிந்து ஓடுவதாகத் தோன்றும்.
யாரோ ஓடிப்போய் நல்ல நாற்காலியைத் துடைப்பார்கள்.
யாரோ பதிவேட்டைத்
தேடுவதுபோல் தேடுவார்கள்.

தையல்நாயகி ஈரமானியைப் பார்ப்பாள்.
நிஜாமுதீன் மூட்டை எண்ணுவார்.
நான் கூட்டல் சரிபார்ப்பேன்.
டீ எங்கள் ஃப்ளாஸ்கிலேயே இருக்கும்.
அவர்கள் வாங்கிவைத்த வடை
தினத்தாளில் எண்ணெய் இறங்கி ஆறிக்கிடக்கும்.
"ஒரு வடையில என்னங்க இருக்கு?"
ஒரு வடைதான் இருக்கிறது.
அதனால்தான்.

முதல் வருஷம்
கோரையாற்றங்கரை நிலையத்தில்
முப்பத்தெட்டு மூட்டை குறைந்தது.
பட்டியல் எழுத்தர் வைரக்கண்ணு
"எங்கேயாவது இருக்கும்மா" என்றார்.
எங்கேயாவது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
குறைவு என்று எழுதினேன்.
மாதாமாதம் மூவாயிரம் பிடித்தார்கள்.

அடுத்த கார்த்திகை மழையில்
வேறெதற்கோ அதே பதிவேட்டைப் புரட்டிய நிஜாமுதீன்
விரலை நிறுத்தினார்.
எழுபத்தொன்றுக்கு அப்புறம் எழுபத்து நான்கு.
ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்கள்.
பிளேடு நுனியால் பிரித்தோம்.
உள்ளே, ஊறிப் படர்ந்த நீல மையில்,
பக்கத்து நிலையத்துக்கு மாற்றிய முப்பத்தெட்டு மூட்டை,
தேதி, வண்டி எண்,
வைரக்கண்ணுவின் இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து.

"பக்க எண்ணை நாமதான பாத்திருக்கணும்"
என்றாள் தையல்நாயகி.
வெகுநேரம் மழை மட்டும் பேசியது.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்:
பிழை தணிக்கைக் குழுவினுடையது.
மேலாளர் கூப்பிட்டார்.
"இது கோப்புல ஏறினா
அப்புறம் உங்க அறிக்கைய எவன் மதிப்பான்?
வேற தலைப்புல பணத்தக் குடுத்துடுவோம்."
பணத்துக்கு வேறு தலைப்பு இருக்கும் சார்,
அவர் பெயருக்கு இல்லை என்றேன்,
அல்லது அப்படி ஏதோ.
குரல் நடுங்கியதுதான் நன்றாக நினைவிருக்கிறது.

நகலை நேரில் கொண்டுபோனோம்.
வைரக்கண்ணு இரண்டு தடவை படித்தார்.
எட்டாக மடித்துப் பையில் வைத்தார்.
மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு
களத்தில் நெல் கிளறுகிறவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.
மன்னித்தாரா, தெரியாது.
அதற்குப் பதிவேடு கிடையாது.

தை பிறந்து பத்தாம் நாள், ராத்திரி, போன்.
"எடைமேடை காலையிலேருந்து
மூட்டைக்கு முந்நூறு கிராம் கூடக் கேக்குதும்மா.
எடை போடுறத நிறுத்திட்டேன்.
வெளியில சனம் கத்துது.
வந்து பாத்து எழுதிடுங்க."

அதுவரை எங்களை
யாரும் வரச்சொன்னதில்லை.

விடியும்வரை திரும்ப நிறுத்தோம்.
அன்றைக்குப் போட்ட ஒவ்வொருவர் பெயரிலும்
பாக்கி எழுதினோம்.
ஐம்பது மூட்டை போட்ட அமிர்தவல்லிக்குப் பதினைந்து கிலோ.
அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் ஏதாவது சூது இருக்குமோ என்று.

திரும்பும் வழியில் மூணாறு தலைப்பில் வண்டியை நிறுத்தி
மிச்சமிருந்த டீயைக் குடித்தோம்.
ஷட்டர்காரர்
சக்கரத்தைத் தொடுவதற்கு முன்னால்
சுவரில் செங்குத்தாக எழுதிய எண்கள்மேல்
டார்ச் அடித்துப் பார்த்தார்.
ஒரு சொட்டுத் தண்ணீரையும்
அந்த எண்கள் திருப்பிவிட்டதில்லை.
நிஜாமுதீன் ஏதோ சொல்ல வந்து
கொட்டாவி விட்டார்.

தார்ப்பாய் வேண்டும் என்று
மூன்று அறிக்கையில் எழுதியாயிற்று.
முளைவிட்ட மூட்டையின் படத்தோடு நாலாவது.
கேட்டது நாற்பது,
இந்தக் குறுவைக்கு வந்தது இருபத்தாறு.
வைரக்கண்ணு எண்ணி வாங்கிக்
கையெழுத்துப் போட்டார்.
போட்டுவிட்டு,
எனக்குக் கேட்கும்படி
பக்க எண்ணை உரக்கப் படித்தார்.