நான்காவது முடிச்சு

விலைப்பட்டியலை நீட்டினேன். வாங்கவில்லை.
பையிலிருந்து ஒரு நூலை எடுத்தாள்
நோல்ஃபா வென்ச்சுயான்.
நூலில் நான்கு முடிச்சு.
முதல் முடிச்சுவரை சக்கர நாற்காலி, மடித்தது.
இரண்டாவது, எம்பனாடா அடுக்கும் தட்டு.
மூன்றாவது, தெசிதேரியோவின் இடதுகால்,
இடுப்பிலிருந்து குதிகால்வரை. மடங்காது.
நான்காவதைச் சொல்லவில்லை.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது வேறு:
மூன்று சிலிண்டர், லிட்டருக்குப் பதினெட்டு,
தொட்டால் விழிக்கும் திரை,
ஏழு நிறம், அதில் ஒன்றின் பெயர்
பனிப்பாறைச் சாம்பல்.
அந்த மாதம் நான் விற்றது ஒரே ஒரு வண்டி.
அதுவும் என் மச்சானுக்கு.

பின்கதவைத் தூக்கினாள்.
நூலைக் குறுக்கே பிடித்தாள், பிறகு கோணலாக.
நாற்காலி போகும். தட்டும் போகும்.
இரண்டும் சேர்ந்து போகாது.
"சீட்டை மடக்கினால்..." என்றேன்.
"மடக்கினால் என் மகள் எங்கே உட்காருவாள்,
கூரையிலா?"
பாதியை மட்டும் மடக்கிக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
"ஒல்லிதான் அவள்" என்று
தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சமதரையில் எல்லா வண்டியும் நல்ல வண்டி.
சாவியைக் கொடு."

வால்பரைசோவில் தெரு என்பது
பாதி நேரம் ஏணி.
துறைமுகம் முடிந்து ரோடெலீயோ மேட்டுக்குத் திரும்பியதும்
முதல் கியருக்கு இறங்கினாள்.
கடன்காரனை வழியில் கண்டவன் மாதிரி
எஞ்சின் முனகியது.
அவள் பார்க்காத நேரம் ஏசியை அணைத்தேன்.
பார்த்துவிட்டாள்.
"வெயில் நாளில் வேர்த்துக்கொள்ள வேண்டியதுதான், இல்லையா?"
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.
"நீ எதில் வருகிறாய் வேலைக்கு?"
"பஸ்ஸில்."
கண்ணாடியில் கடல் நிமிர்ந்து நின்றது.

நீலத் தகர வீட்டு வாசலில்
இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தார் தெசிதேரியோ.
செவ்வாய், வியாழன், சனி,
காலை ஆறரைக்கு ரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டும்.
மூடுபனி இறங்கினால் டாக்சிக்காரர்கள்
கீழேயே நின்று ஹாரன் அடிக்கிறார்கள்.
சீட்டைக் கடைசிவரை தள்ளினோம்.
மனிதர் உடம்பைத் தவணை தவணையாக உள்ளே கொடுத்தார்:
முதலில் முதுகு, பிறகு நல்ல கால்,
பிறகு இரண்டு கையாலும் தூக்கி மற்றது.
பாதம் முன்பலகையை முட்ட ஒரு விரல்கடை மிச்சம்.
"செருப்போடா, ஷூவோடா?" என்றாள்.
"ஷூவோடு" என்றார், ஜெயித்தவர் போல.

இறங்கியபின் கைப்பிரேக்கை இழுத்தாள்.
எஞ்சினை அணைத்தாள். கியரில் போடவில்லை.
பின்சக்கரத்திலிருந்து கீழ்வீட்டுச் சுவர்வரை
நூலைத் தரையில் விரித்தாள்.
நான்காவது முடிச்சு
சுவரைத் தொட்டது.

மூவரும் நின்றோம்.
வண்டி ஒரு பெருமூச்சு விட்டு
கட்டைவிரல் அளவு நழுவியது.
நின்றது.
உள்ளே போய்த் தேநீர் போட்டு எடுத்து வந்தாள்.
குடித்து முடித்தோம்.
அதற்குமேல் நழுவவில்லை.
ஆனாலும் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து
சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள்,
யாரையும் குறை சொல்லாமல்.

"யோசிக்க வேண்டும்" என்று அனுப்பிவிட்டாள்.
கீழே இறங்கும்போதுதான் கேட்டது,
வளைவுதோறும் டிக்கியில் கல் உருள்வது.

ஒன்பது நாள்.
மூன்று பேருக்கு அதே வண்டியைக் காட்டினேன்.
ஒருவருக்குத் திரை சிறிது.
ஒருவருக்குச் சாம்பல் பிடிக்கவில்லை.
ஒருவர் கேட்டார், பின்னால் என்ன சத்தம்?
வண்டியோடு வந்தது என்றேன்.

பத்தாம் நாள் போன். வணக்கம்கூட இல்லை.
"கல் இருக்கிறதா?"
"இருக்கிறது, சென்யோரா."
எதிர்முனையில் ஒரு நாற்காலி இழுபட்டது,
யாரோ இருமினார்கள்,
பேனா மூடி திறந்தது.

"அந்த விலைப்பட்டியலை
இப்போது படி.
மெதுவாக."