நாலுக்கு அடுத்து ஆறு

ரசமட்டத்தை ஜன்னல் கட்டையில் வைத்தார் ப்ரோபர்ட்.
குமிழி ஓரமாய்ப் போய் ஒண்டிக்கொண்டது.

"அது இங்கே நடுவில் நிற்காது" என்றாள் ஹெட்டி,
பீர் பிடித்தபடியே.

ஈரம் காயாத ஓக்கில் கட்டிய சட்டம்.
வீடான பிறகுதான் காய்ந்தது,
காயும்போது புரண்டு படுத்தது.
மாடி தெருவை எட்டிப் பார்க்கிறது
கதவுக்கு நான்கு மூலையும் நான்கு விதம்
மாட்டுமயிர் கலந்த மண்சுவர்
எதற்கும் வளைந்து கொடுக்கிறது.

டார்ச் அடித்து
உத்தரங்களில் தச்சன் கீறிய எண்களைப் படித்தார்:
இரண்டு, மூன்று, நாலு,
ஆறு.

அப்புறம் ஐந்து.

ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால்
ஏதோ ஒரு திங்கட்கிழமை.
பொருந்தாத பொருத்தில்
முளையை மட்டும் தடியாகச் செதுக்கி
அடித்து இறக்கியிருக்கிறான்.

குறித்துக்கொண்டு நிமிர்ந்தார்.
மடேர்.

மூலை மேசையிலிருந்து,
சீட்டிலிருந்து கண் எடுக்காமல், ஒருவர்:
"ஐந்தா, ஆறா?"